கால் பங்கு உரிமை, முழுப் பங்கு செலவு

"மாமா, ஷேர்டு ஓனர்ஷிப்பில ஃபிளாட் வாங்கலாமோ?" லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். வாடகையே சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. முழு வீட்டுக்கு முன்பணம் சேர்ப்பது எட்டாக்கனி. அவர்களுக்கு இங்கிலாந்து அரசு காட்டும் வழிகளில் இதுவும் ஒன்று என்பதால், பட்டென்று வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. விற்பனை அலுவலகத்தில் போட்டுக் காட்டும் கணக்கை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடவிடவும் மனம் வருவதில்லை.

ஃபிளாட்டின் விலை 4 லட்சம் பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 25 சதவீதத்தை, அதாவது 1 லட்சம் பவுண்டுக்கான பங்கை, மார்ட்கேஜ் எடுத்து வாங்குகிறீர்கள். பத்து சதவீத முன்பணம் என்றால் 10,000 பவுண்டு போதும். மீதி முக்கால் பங்கு ஹவுசிங் அசோசியேஷன் கையில் இருக்கும். அதன் மதிப்பில் ஆண்டுக்கு 2.75 சதவீதம் வாடகை கேட்பது வழக்கம். மாதக் கணக்கில் சுமார் 688 பவுண்டு. இதோடு மார்ட்கேஜ் தவணையையும் கூட்டினாலும், வெளியில் கொடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டால் பரவாயில்லை என்றுதான் தோன்றும்.

சிக்கல் சர்வீஸ் சார்ஜில் தொடங்குகிறது. லிஃப்ட், பொது விளக்கு, கட்டிடக் காப்பீடு, நிர்வாகச் செலவு என்று உங்கள் ஃபிளாட்டின் தலையில் விழும் தொகை முழுவதையும் நீங்களே கட்ட வேண்டும். முக்கால் பங்குக்காரர் ஒரு பென்னியும் தருவதில்லை. இந்தச் செலவை எல்லாம் கணக்கில் கொண்டுதான் வாடகையைக் குறைவாக வைத்திருக்கிறோம் என்று அசோசியேஷன்கள் சொல்லும். அந்த வாடகையும் குறைவாகவே நிற்பதில்லை. பல ஒப்பந்தங்களில் அது ஆண்டுதோறும் சில்லறை விலைக் குறியீட்டோடு அரை சதவீதம் சேர்த்து ஏறும், இறங்குவது கிடையாது. 2022 செப்டம்பரில் அந்தக் குறியீடு 12.6 சதவீதம். 2023 அக்டோபரில் புதிய ஒப்பந்தங்களுக்கு மட்டும் அரசு சூத்திரத்தை மாற்றியது. பழையவர்கள் பழைய சூத்திரத்திலேயே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒருநாள் முழு வீட்டையும் சொந்தமாக்கலாம் என்பதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய வாக்குறுதி. ஆனால் கூட்டும் அன்றைய சந்தை விலையில்தான் வாங்க வேண்டும். அந்த ஃபிளாட் 4 லட்சத்திலிருந்து 4 லட்சத்து 80 ஆயிரமாகியிருந்தால், அடுத்த கால் பங்குக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். மதிப்பீட்டாளர் கட்டணமும் வக்கீல் கட்டணமும் தனி. சம்பளத்தை முந்திக்கொண்டு வீட்டு விலை ஓடும் ஊரில் இந்த ஏணியில் எத்தனை பேர் உச்சிக்குப் போவார்கள்?

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். 2021ல் வந்த புதிய மாதிரியில் லீஸ் 990 ஆண்டு. முதல் பத்தாண்டுக்குக் கட்டிடத்தின் பெரிய பழுதுகள் அசோசியேஷன் பொறுப்பு. தொடக்கப் பங்கு 10 சதவீதமாக இருந்தாலும் போதும். லீஸும் பழுதும் பற்றிய மாற்றங்கள் நல்லவை. பங்கைப் பத்தாகக் குறைத்தது மட்டும் எனக்கு நல்லதாகப் படவில்லை. பத்து சதவீதம் வைத்திருப்பவர் கிட்டத்தட்ட வாடகைக்காரர்தான். செலவில் மட்டும் வீட்டுக்காரர்.

உரிமையில் அவர் எங்கே நிற்கிறார் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. 1995ல் ஒரு பெண் 29,500 பவுண்டு கொடுத்து ஒரு வீட்டில் பாதிப் பங்கு வாங்கினார். பிறகு கணவர் சிறைக்குப் போனார், மிரட்டல்கள் வந்தன, அந்தப் பெண் வீட்டை விட்டு ஓட வேண்டியதாயிற்று. வாடகை பாக்கி விழுந்தது. சட்டப்படி அவர் வெறும் வாடகைதாரர்தான், பாக்கிக்காக வெளியேற்றலாம், பங்கின் மீது அவருக்கு உரிமை இல்லை என்று 2007ல் பர்மிங்ஹாம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த ஓட்டையை அடைக்க 2025ன் வாடகைதாரர் உரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதினெட்டு ஆண்டுகள்! இத்தனை காலமும் எத்தனை அமைச்சர்கள் இதே திட்டத்தைக் கனவு வீட்டுக்கான வழி என்று மேடையில் புகழ்ந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

செலவிலும் இதே கதைதான். லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று தீயில் 72 பேர் மாண்ட பிறகு, நாடு முழுவதும் அடுக்குமாடிச் சுவர்களின் வெளிப்புற உறையான கிளாடிங்கைக் கழற்றிப் பார்த்தார்கள். செலவு குடியிருப்பவர்கள் தலையில் விழுந்தது. கால் பங்கு வைத்திருந்தவர்களிடமும் முழுத் தொகை கேட்டார்கள். விற்கவும் முடியவில்லை, வங்கிகள் அந்தக் கட்டிடங்களுக்குக் கடன் தர மறுத்தன. வாடகைக்கு விட லீஸ் இடம் தரவில்லை. ஒற்றை அறை ஃபிளாட்டில் இரண்டு குழந்தைகளோடு ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடந்தவர்கள் உண்டு. 2022ல் வந்த கட்டிடப் பாதுகாப்புச் சட்டம், கிளாடிங் அல்லாத பழுதுகளுக்கு லண்டனில் பொதுவாக 15,000 பவுண்டு, வெளியில் 10,000 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தது. ஷேர்டு ஓனர்ஷிப்காரர்களுக்கு அந்த வரம்பும் அவரவர் பங்கின் விகிதத்துக்குக் குறையும்.

தீப்பாதுகாப்புச் செலவில் பங்குக்கு ஏற்ற பொறுப்பு நியாயம் என்று அரசே சட்டம் எழுதிவிட்டது. லிஃப்டுக்கும் கூரைக்கும் மட்டும் அது எப்படி நியாயம் இல்லாமல் போகும்? 2024 மார்ச்சில் நாடாளுமன்ற வீட்டுவசதிக் குழுவும், ஏறும் வாடகையும் சர்வீஸ் சார்ஜும் பலருக்குத் தாங்க முடியாததாகிவிட்டன என்று அறிக்கை தந்தது. இப்போதைய அரசு பத்தாண்டில் 39 பில்லியன் பவுண்டு போட்டு சுமார் 3 லட்சம் வீடுகள் கட்டப்போகிறது. அவற்றில் 60 சதவீதமாவது சமூக வாடகை வீடுகள் என்பது சரியான திசை. மீதியில் ஷேர்டு ஓனர்ஷிப்பும் இருக்கும். பழைய பிழைகளோடு அதைக் கட்டக் கூடாது.

வாங்கப் போகிறவர்களே, வாடகை ஏறும் சூத்திரத்தை லீஸில் நீங்களே படியுங்கள். புதுக் கட்டிடத்தில் தரும் சர்வீஸ் சார்ஜ் மதிப்பீட்டை அப்படியே நம்பாமல், அதே அசோசியேஷனின் பழைய கட்டிடத்தில் குடியிருப்பவர்களிடம் விசாரியுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்: கால் பங்குக்குக் கால் பங்கு சர்வீஸ் சார்ஜ் என்று சட்டம் வர வேண்டும்.