குரல் மாறினால் குடி முழுகிப் போகுமா?

கார்ட்டூன் படத்தில் நடிகருக்கு முகமில்லை. குரல் ஒன்றே அவருடைய உடல். ஆகவே, பழகிய குரலை மாற்றினால் ரசிகர்கள் கொதிப்பதில் வியப்பில்லை. 1992-இல் தொடங்கிய ‘பேட்மேன்’ கார்ட்டூன் தொடரில் பேட்மேனாகக் கெவின் கான்ராயும் ஜோக்கராக மார்க் ஹாமிலும் பேசினர். வேறு குரலை ஏற்கப் பலருக்கு இன்றும் மனம் வருவதில்லை. (அந்த ஹாமிலே டிம் கர்ரி என்பவருக்குப் பதிலாக வந்தவர்தாம்!) கான்ராய் 2022-இல் மறைந்துவிட்டார்; இனி என்ன செய்வதாம்?

2010-இல் வந்த ‘பேட்மேன்: அண்டர் தி ரெட் ஹூட்’ படத்தில் இருவருமே இல்லை. அது நல்லதாயிற்று என்பேன். ஹாமிலின் ஜோக்கர் குரலை ஏற்றி இறக்கிச் சிரிக்கையில் நமக்கும் ஒரு குதூகலம் பிறக்கும். இந்தப் படத்திலோ ஜோக்கர், பேட்மேன் பிள்ளையாய் வளர்த்த ஜேசனை இரும்புக் கம்பியால் அடித்து நொறுக்குகிறான். அங்கே குதூகலம் எதற்கு? ஜான் டிமாஜியோவின் கனத்த குரல் நம்மைச் சிரிக்க விடுவதில்லை. ஹாமிலைப் போல அவர் மிமிக்ரி செய்திருந்தால் காட்சியே செத்திருக்கும்.

மாண்ட ஜேசன் உயிர்பெற்று வந்து, தன்னைக் கொன்றவனை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறாய் என்று பேட்மேனைக் கேட்கிறான். ஜென்சன் ஆக்கிள்ஸின் குரல் சினத்தில் தொடங்கி, தகப்பனிடம் முறையிடும் பிள்ளையின் குரலாக உடைகிறது. பேட்மேனாகப் பேசும் புரூஸ் கிரீன்வுட் குரலை உயர்த்தாமலே பதில் சொல்கிறார். அந்தக் காட்சிக்காகவே படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். கான்ராய் நினைவுக்கே வரவில்லை.