டைகரின் அம்மாவை அளந்த கதை

நாய்க்கூண்டுக்கெல்லாம் ஒரு பதிவான்னு சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். ஒரே நாய்க்கு ரெண்டு கூண்டு வாங்கின ஏமாளி நான், எனக்கு எழுத உரிமை இருக்கு :-)

போன வருஷம் சேலத்துல ஒரு வீட்டுல இருந்து "பாமரேனியன்"னு சொல்லி ரெண்டு மாச வெள்ளைக் குட்டி ஒண்ணு வாங்கினோம். மஞ்சவாடி கணவாய் வளைவுகள்ல தங்கமணி மடியில ரெண்டு தடவை வாந்தி எடுத்துட்டு அரூர் வந்து சேர்ந்தார் துரை. பேரு டைகர். (பேர் வச்சது பையன். நான் பொறுப்பில்லை.)

ராத்திரி படுக்க ஒரு கூண்டு வேணுமேன்னு இணையத்துல தேடினேன். இனவாரியா பட்டியல் போட்டு வச்சிருக்காங்க. பாமரேனியனா, 18 இன்ச். வாங்கியாச்சு, முடிஞ்சுது வேலைன்னு நினைச்சேன்.

நாலாவது மாசம் கடந்ததும் ராத்திரி முனக ஆரம்பிச்சான். சேட்டைன்னு நினைச்சு அதட்டினேன். மேல துணி போட்டு மூடினேன். சுருண்டு படுத்திருக்கறதைப் பார்த்து "சுகமா தூங்கறான் பாரு"ன்னு தங்கமணிகிட்ட பெருமை வேற. ஒருநாள் காலையில கதவைத் திறந்தா, திரும்ப இடமில்லாம பின்பக்கமாவே நகர்ந்து வெளிய வர்றான். அன்னிக்குத்தான் உறைச்சுது. அவன் சுருண்டு படுத்தது சுகத்துல இல்லை, வேற வழியில்லாம. எத்தனை ராத்திரி அதட்டியிருப்பேன்!

தடுப்பூசிக்குப் போனப்ப கால்நடை டாக்டர்கிட்ட கேட்டேன். "இது பாமரேனியனே இல்லைங்க, இந்தியன் ஸ்பிட்ஸ்"னார். நம்ம ஊர்ல பாமரேனியன்னு கைமாறுறதுல பாதிக்கு மேல இதுதானாம். 1994-ல வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்துல கிரிக்கெட்டுக்கு அம்பயரா நின்ன டஃப்பி கூட ஸ்பிட்ஸ்தான். வெளிநாட்டுப் பட்டியல் சொல்ற பாமரேனியன் முழுசா வளர்ந்தாலும் மூணரைக் கிலோவைத் தாண்டாது. நம்ம ஸ்பிட்ஸ்ல சின்ன ரகமே அதுக்கு ரெண்டு மடங்கு வரும். அந்தப் பட்டியலை நம்பிக் கூண்டு வாங்கினா என்ன ஆகும்? எங்க வீட்டுல ஆனது ஆகும்.

அதனால நான் சொல்றது இதுதான். இனப்பேரை நம்பாதீங்க, தாயை அளங்க. நான் டேப்பைத் தூக்கிட்டு மறுபடி சேலம் போனேன். அந்த வீட்டம்மா என்னை ஒரு மாதிரியாத்தான் பார்த்தாங்க. நிக்க வச்சு மூக்கு நுனியில இருந்து வால் ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் 21 இன்ச். உட்கார வச்சு தலை உச்சி வரைக்கும் 17. ஆண்குட்டி கொஞ்சம் கூடவே வளரும்னு ரெண்டுலயும் 4 இன்ச் சேர்த்துக்கிட்டேன். அரூர்ல வெல்டிங் பட்டறைக்காரர் "கோழிக்குங்களா சார்?"னு கேட்டுட்டு 25 நீளம், 18 அகலம், 21 உயரத்துல அடிச்சுக் கொடுத்தார். கம்பி இடைவெளி ஒரு இன்ச்சுக்கு மேல வேண்டாம், கால் மாட்டிக்கும். அடியில வலை கூடாது, தகடோ பலகையோ போடணும். உள்ள விடும்போது கழுத்துப் பட்டையைக் கழட்டிடுங்க, கம்பியில மாட்டினா உயிருக்கே ஆபத்து.

"அப்ப பெருசாவே வாங்கிட்டா போச்சு"ங்கறீங்களா? நண்பர் ஒருத்தர் பக் குட்டிக்கு மூணரை அடிக் கூண்டு வாங்கினார். அது ஒரு மூலையில படுத்துக்கிட்டு எதிர் மூலையைக் கக்கூஸ் ஆக்கிடுச்சு. நாய் படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணத் தயங்கும். அந்தத் தயக்கத்தை வச்சுத்தான் பழக்கவே முடியும். வளர்ந்த நாயோட அளவுக்கு வாங்கிட்டு நடுவுல ஒரு தடுப்பு வச்சு, குட்டி வளர வளரத் தடுப்பைப் பின்னாடி தள்ளிக்கிட்டே போனா ஒரே கூண்டோட முடிஞ்சுது. இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா எனக்கு ஒரு கூண்டுக் காசு மிச்சம், டைகருக்கு ஒரு மாசத் தூக்கம் மிச்சம்.

நாயைக் கூண்டுல அடைக்கிறதே பாவம்னு மாமனார் சொல்றார். அவர் வீட்டு நாய் பொழுதன்னிக்கும் முருங்கை மரத்தடியில மூணடிச் சங்கிலியில நிக்குது! 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டத்துல 11-வது பிரிவு, உடம்பை அசைக்க இடமில்லாத கூண்டையும் குத்தம்னு சொல்லுது, ரொம்பக் குட்டையான சங்கிலியில நெடுநேரம் கட்டி வைக்கிறதையும் குத்தம்னு சொல்லுது. ஆக, நானும் குற்றவாளி, அவரும் குற்றவாளி. பாட்டி சாயங்காலம் கோழியைப் பஞ்சாரத்துல கவுத்தா விடிஞ்சதும் திறந்து விட்ருவாங்க. கூண்டும் அப்படித்தான் இருக்கணும். ரெண்டு மாசக் குட்டியால மூணு மணி நேரத்துக்கு மேல ஒண்ணுக்கை அடக்க முடியாது, ராத்திரியானாலும் எழுந்து வெளிய விட்டுத்தான் ஆகணும். வேலைக்குப் போறப்ப பூட்டிட்டு சாயங்காலம் வந்து திறக்கறதா இருந்தா, எவ்வளவு பெரிய கூண்டா இருந்தாலும் அது ஜெயில்தான்.

அதுவும் நம்ம ஊர் சித்திரை வெயில்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில கூண்டை வச்சுடாதீங்க. நாய்க்கு நம்மளை மாதிரி உடம்பு முழுக்க வேர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைச்சுத்தான் சூட்டை இறக்கும். ஸ்பிட்ஸுக்கு மேல ரெண்டு அடுக்கு முடி வேற. இப்ப டைகர் கூண்டு ஹால்ல ஃபேனுக்குக் கீழ. பகல்ல கதவு திறந்தேதான் கிடக்குது, அவனா போய்ப் படுத்துக்கிறான்.

போன வாரம் பக்கத்துத் தெருக்காரர் வந்து, "மொட்டை மாடியில ஒரு கூண்டு சும்மாதானே கிடக்கு, எங்க குட்டிக்குக் கொடுங்களேன்"னார். கொடுக்கறதுல எனக்கொண்ணும் இல்லை. "அதோட அம்மா என்ன உயரம் சார்?"னு கேட்டேன்.

மனுஷன் திரும்பி வரவே இல்லை.