மடி காவலாகாது

2023 சனவரி 20ஆம் நாள் நானுஓயா ரதல்லையில் பஸ் வண்டியொன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதியது. எழுவர் மாண்டனர், அவருட் சிறுவரும் உளர். 2025 மே 11ஆம் நாள் கொத்மலையில் பஸ் வண்டி பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிர்நீத்தனர். திம்புள்ளை வளைவுகளை அறிந்த எவரும் இவற்றை விதியென்று சொல்லி ஆறியிருத்தல் இயலாது.

ஓட்டுநரும் முன்னாசனப் பயணியும் பட்டி அணிய வேண்டுமென்ற விதி 2011இல் வந்தது. அதிவேகப் பாதையிற் செல்வோர் யாவர்க்கும் அது கட்டாயமென 2025இல் அறிவிக்கப்பட்டது. அதிவேகப் பாதையே இல்லாத நுவரெலியா மாவட்டத்துக் குழந்தைக்கு இதனால் விளைந்த பயன் யாது? சட்டம் மலையேற மறுப்பதேன்?

பஸ்களில் இடுப்புப் பட்டி பொருத்தினாற் போதும் என்பாரும் உளர். வெளியே வீசப்படாமல் அது காக்கும், அவ்வளவில் நன்றே. ஆயின் குழந்தையின் இடுப்பெலும்பு முதிராதது. பட்டி மேலேறி வயிற்றை அழுத்தும், உடல் முன்மடியும், குடலும் முதுகெலும்பும் ஊறுபடும். தாயையும் சேயையும் ஒரே பட்டியாற் பிணைப்பதோ அதனினும் கேடு. தாயின் பாரமே சேயை நசுக்கும். மோதும் கணத்தில் சேயின் பாரம் பன்மடங்காகும். எந்தத் தாயின் கரமும் அதைத் தாங்காது.

வழியில்லாமலில்லை. தோள்வாருடைய குழந்தை இருக்கையை அதே இடுப்புப் பட்டியாற் பிணைக்கலாம். மலைப்பாதைப் பஸ்களின் சில வரிசைகளிலேனும் இவ்விருக்கைகளும், வளர்ந்த பிள்ளைகளுக்குத் தோட்பட்டியும் அமைதல் வேண்டும். அச்செலவை நாட்கூலித் தொழிலாளியின் தலையிற் சுமத்தாது அரசே ஏற்றல் வேண்டும். அதுவரை, இடுப்புப் பட்டி மட்டுமே உள்ள வண்டியில், பிள்ளையைத் தனி ஆசனத்தில் இருத்தி, பட்டியை வயிற்றிலன்றித் தொடைமேல் தாழ இறுக்கிக் கட்டுமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.

கொழுந்து லாரியில் பத்திரமாக இறங்குகிறது. அதைப் பறித்தவளின் குழந்தைக்கும் அப்பத்திரத்தைக் கேட்கிறோம். சலுகையாக அன்று, உரிமையாக.