குமாஸ்தா வரைந்த போர்

ஹான்ரி ரூசோ என்ற ஓவியரை எனக்குப் பிடிக்க முதல் காரணம், அவர் ஒரு குமாஸ்தா. (சமூக ஒப்பந்தம் எழுதிய ழான் ழாக் ரூசோ வேறு ஆள். நம்மூரில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். முசேக்கள் மறக்க விட்டிருக்க மாட்டார்கள்.) இவர் 1844-ல் லவால் என்ற ஊரில் பிறந்தவர். பாரீஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்குத் தீர்வை வசூலிக்கிற 'ஒக்த்ருவா' அலுவலகத்தில் 1871-ல் சேர்ந்து 1893-ல் வெளியே வந்தார். 'சுங்க அதிகாரி ரூசோ' என்று உலகம் கூப்பிட்டாலும் அவர் அதிகாரியும் இல்லை, அது சுங்க இலாகாவும் இல்லை. எந்த ஓவியப் பள்ளியிலும் படித்ததில்லை. 49 வயதில் ஓய்வு பெற்று, சிறிய பென்ஷனோடு வயலின் சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளினார்.

ஓய்வு பெற்ற மறு வருடமே, 1894-ல், ஒரு பெரிய படத்தைக் காட்சிக்கு வைத்தார். பெயர் 'லா கேர்'. போர்.

அந்தப் படத்தில் பீரங்கி கிடையாது. சேனை கிடையாது. கன்னங்கரேலென்று ஒரு குதிரை, நான்கு காலும் தரையில் படாமல் படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீண்டு பறக்கிறது. அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாளா, பக்கத்தில் ஓடுகிறாளா என்று சொல்ல முடியாத ஒரு பெண். பெண் என்பதைவிடச் சிறுமி என்றே சொல்லலாம். கிழிந்த வெள்ளைச் சட்டை, குதிரையின் பிடரி போலவே சிலிர்த்து நிற்கும் தலைமுடி, பல் தெரிகிற வாய். ஒரு கையில் வாள், இன்னொரு கையில் புகைகிற பந்தம். கீழே பிணங்கள். காக்கைகள் கொத்துகின்றன. மரங்கள் கிளை முறிந்து நிற்கின்றன. இத்தனைக்கும் மேலே, நீல வானத்தில் இளஞ்சிவப்பு மேகம்! அந்த மேகம்தான் என்னை ஒவ்வொரு தடவையும் தொந்தரவு செய்கிறது. கீழே நடப்பதற்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் அது மிதக்கிறது.

அன்று பார்த்தவர்களில் பலர் சிரித்தார்கள். மரக்குதிரை மாதிரி இருக்கிறதே என்று இன்றும் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் காந்தி ஜெயந்திக்காக எங்கள் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, 'வன்முறை வேண்டாம்'. நடுவர்கள் மூன்று பேர், அதில் நானும் ஒருவன். வந்த படங்களில் முக்கால்வாசி காந்தி தாத்தா, மீதி வெள்ளைப் புறா. ஒரே ஒரு சிறுமி மட்டும், ஏழாம் வகுப்பு இருக்கும், ஒரு பூதத்தை வரைந்திருந்தாள். வாய் நிறைய அது எதையோ மென்றுகொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் ஒற்றைச் செருப்பு, புத்தகப் பை, பால் தூக்கு, ஒரு மூக்குக் கண்ணாடி. மனிதர்கள் யாரும் இல்லை. எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. மற்ற இரண்டு பேரும், "தலைப்புக்குப் பொருந்தவில்லை சார், இது பேய்ப்படம்" என்றார்கள். மூன்றில் இரண்டு என்றால் தீர்ப்பு அதுதானே. ஆறுதல் பரிசாக ஒரு பேனா கொடுத்து அனுப்பினோம்.

அவர்கள் சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கற்பனைப் பூதம் எப்படி வன்முறைக்கு எதிராகப் பேசும்? உண்மையைக் காட்டினால்தானே மனசு இளகும்? செத்துக் கிடக்கும் குழந்தையின் புகைப்படத்துக்கு இருக்கிற பலம் பூதத்துக்கு ஏது?

நம் அனுபவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரிகையில் அப்படி ஒரு புகைப்படம் வருகிறது. பார்த்தவுடன் நெஞ்சு பதறுகிறது, உண்மைதான். ஆனால் அடுத்த கணமே வாயில் வரும் கேள்வி என்ன? "எந்த ஊர்? யார் செய்தது? செத்தது எந்தத் தரப்பு?" பதில் தெரிந்ததும் பதற்றம் கோபமாக மாறுகிறது, கோபம், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் போய் நிற்கிறது. அதே படத்தை அடித்து ஒட்டி ஊர்வலம் போனவர்களும் உண்டு, அந்த ஊர்வலத்தில் கல் பறந்ததும் உண்டு. புகைப்படத்தைக் குறை சொல்லவில்லை. அதற்கு ஒரு முகவரி இருக்கிறது, அந்த முகவரியைத் தேடித்தான் நாம் போகிறோம்.

ரூசோவின் குதிரைக்கு முகவரி இல்லை. கீழே கிடக்கும் பிணங்களைப் பார்த்து இவன் பிரெஞ்சுக்காரன், இவன் ஜெர்மானியன் என்று பிரிக்க முடியாது. கொடி இல்லை. 1870 போரில் பிரான்சு தோற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்த காலம் அது. பழிவாங்கும் பேச்சு ஊரெல்லாம் இருந்தது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, எதிரி யாரென்றே சொல்லாமல் ஒரு போர்ப்படம் வரைந்திருக்கிறார் இந்த மனிதர்.

இன்னொரு படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1830 புரட்சியை வைத்து தெலக்ருவா வரைந்த படம், மக்களை வழிநடத்தும் சுதந்திரம். எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தது. பிற்பாடு நூறு பிராங்கு நோட்டிலும் வந்தது, பிரான்சிலிருந்து வருகிறவர்கள் கையில் பார்த்திருப்பீர்கள். அதிலும் ஒரு பெண்தான், அவளும் நிஜப் பெண் அல்ல, கற்பனைதான். கையில் கொடி, துப்பாக்கி. காலடியில் அங்கேயும் பிணங்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தால் எழுந்து அவள் பின்னால் ஓடத் தோன்றும். பிணத்தைத் தாண்டித்தான் ஓட வேண்டும் என்பது உறைப்பதே இல்லை. ரூசோவின் பெண்ணைப் பார்த்தால் ஒதுங்கி ஓடத் தோன்றும். இரண்டுமே கற்பனை, இரண்டிலும் பெண், இரண்டிலும் பிணம். சொல்வது மட்டும் நேர் எதிர்.

ஆகவே பூதம் வரைந்தால் போதும், அகிம்சை வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். 1917-ல் அமெரிக்கா ராணுவத்துக்கு ஆள் சேர்க்க ஒரு சுவரொட்டி போட்டது: ஜெர்மன் தலைக்கவசம் போட்ட ராட்சதக் குரங்கு, ஒரு கையில் தடி, இன்னொரு கையில் ஒரு பெண். அதுவும் கற்பனை ஓவியம்தான், நல்ல கைத்திறமைகூட. அதைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் பெயர் கொடுத்தார்களோ. எதிரியைப் பூதமாக்கினால் அது ஆள் சேர்க்கிற படம். வன்முறையையே பூதமாக்கினால் அது வேறு படம். நான் பார்ப்பது இந்த ஒரு வித்தியாசத்தைத்தான். அந்தச் சிறுமியின் பூதம் எந்த மதத்துக் குறியும் எந்தக் கட்சித் துண்டும் போட்டிருக்கவில்லை என்பதை மற்ற நடுவர்களிடம் எடுத்துச் சொன்னேன். எடுபடவில்லை.

நம் இலக்கியத்திலும் பேய்களுக்குப் பஞ்சமில்லை. கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பிணங்களைப் போட்டுப் பேய்கள் கூழ் காய்ச்சிக் குடிக்கின்றன. படிக்கும்போது குமட்ட வேண்டும், ஆனால் செயங்கொண்டார் அதைச் சோழனின் வெற்றிக்குப் பாராட்டாக அல்லவா பாடினார்! தமிழ்ச்சுவையில் மயங்கி நாமும் தலையாட்டுகிறோம். இதற்கு நேர்மாறாக, நம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் படுகளம் பார்த்திருப்பீர்கள். மண்ணால் செய்த துரியோதனன், ஆள் உயரம் அல்ல, அரைத் தெரு நீளத்துக்கு மல்லாந்து கிடப்பான். கெட்டவன் செத்தான் என்று கைதட்டிவிட்டுப் போகலாம் அல்லவா? போகமாட்டார்கள். அவனுக்கும் ஒப்பாரி வைப்பார்கள். அத்தனை பெரிய உடம்பு மண்ணாகக் கிடப்பதைப் பார்த்து, பாண்டவர் பக்கம் நின்ற கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இது எந்தப் புறாவைவிடவும் பெரிய பாடம் என்பது என் கட்சி.

எனக்குத் தெரிந்த ஒரு நண்பர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், இதைக் கேட்டுவிட்டு ஒரே கேள்வியில் மடக்கப் பார்த்தார்: "சரி, எந்தப் படமாவது எந்தப் போரையாவது நிறுத்தியிருக்கிறதா?"

நிறுத்தவில்லை. 1937 ஏப்ரல் 26-ல் ஸ்பெயினில் கெர்னிகா என்ற சிற்றூரின் மேல் குண்டு போட்டார்கள். பிக்காசோ சில வாரங்களில் சுவர் அளவுக்கு ஒரு படம் வரைந்து அந்த வருடமே பாரீஸ் கண்காட்சியில் வைத்தார். (இதே பிக்காசோதான் 1908-ல் கிழவர் ரூசோவுக்குத் தன் இடத்தில் விருந்து வைத்தவர்.) அதிலும் விமானம் இல்லை, குண்டு இல்லை. அலறும் குதிரை, ஒரு காளை, இறந்த குழந்தையோடு ஒரு தாய், உடைந்த வாள். இரண்டே வருடத்தில் உலகப்போர் வந்துவிட்டது. படத்தைப் பார்த்து எந்தத் தளபதியும் வீட்டுக்குத் திரும்பவில்லை.

ஆனால் இதையும் கேளுங்கள். அந்தப் படத்தைப் பார்த்து நெய்த பெரிய திரைச்சீலை ஒன்று நியூயார்க்கில் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் வாசலில் தொங்கியது. 2003 பிப்ரவரியில் ஈராக் மீது படையெடுக்க வேண்டும் என்று வாதாட அமெரிக்க வெளியுறவு அமைச்சர் வந்தபோது, அதன் மேல் நீலத்துணி போட்டு மூடினார்கள். தொலைக்காட்சிக் காமிராவுக்குப் பின்னணி சரிப்படாது என்று காரணம் சொல்லப்பட்டது. அந்தப் படத்தில் அமெரிக்கா இல்லை, ஈராக் இல்லை. 66 வருடத்துக்கு முந்தைய ஒரு குதிரையும் ஒரு தாயும்தான். அதன் முன்னால் நின்று போருக்கு நியாயம் பேச முடியவில்லை என்றால், அந்தக் குதிரை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்? கெர்னிகாவின் இடிபாடுகளைப் புகைப்படமாக மாட்டியிருந்தால் மூடியிருப்பார்களா என்பது சந்தேகமே. அது பழைய கதை, வேறு ஊர் என்று விட்டிருப்பார்கள்.

தலைமையாசிரியர் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டார் என்று நான் எழுதமாட்டேன். அவர் அப்படி ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை.

நம் கடற்கரைச் சாலையில் 1938-ல் எழுப்பிய போர் நினைவுச் சின்னம் இருக்கிறதே, அதன் முன்னால் ஜூலை 14 விளக்கு வெளிச்சத்தில் நின்று படம் எடுக்காத குடும்பம் நம்மூரில் குறைவு. அந்தச் சிப்பாயின் மேல் எனக்கு மரியாதை உண்டு. பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய் மாண்டவர்களுக்கு அது செய்ய வேண்டிய மரியாதை. ஆனால் அதைப் பார்க்கிற பையனுக்குச் சிப்பாய் ஆகத் தோன்றுமே தவிர, போரின் மேல் பயம் வராது. பயம் வர வேறு படம் வேண்டும்.

ரூசோவின் படம் வெகுகாலம் எங்கேயோ கிடந்து, 1946-ல்தான் லூவ்ர் அதை வாங்கியது. இப்போது சேன் நதிக்கரையில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம்மூரிலிருந்து பாரீஸில் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் இருக்கிறவர்கள் நம்மில் பலர். போகிறவர்கள் எல்லோரும் ஐஃபெல் கோபுரத்தின் முன்னால் நின்று படம் அனுப்புகிறார்கள். போன தடவை என் தங்கை மகன் பேசியபோது, ஓர்சேவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போடா, அந்தக் கருப்புக் குதிரைக்கு முன்னால் நிறுத்து, நீ ஒன்றும் விளக்கம் சொல்லாதே என்றேன். "அவளுக்கு எட்டு வயசு மாமா, ராத்திரி பயந்துக்குவா" என்றான். பயப்படட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.