லாரியின் இடது பக்கத்தை யார் பார்ப்பது?

ராஜா அண்ணாமலைபுரத்தின் குறுக்குத் தெருக்களில் காலை வேளையில் அடிக்கடி காணக் கிடைக்கும் காட்சி இது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலை நோக்கித் தண்ணீர் லாரி ரிவர்ஸில் வருகிறது. கேபினில் ஒரே ஆள், காதில் கைப்பேசி. பின்னால் யார் நிற்கிறார்கள் என்று இறங்கிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. காவலாளி நாற்காலியை விட்டு எழுந்து வந்து “வரலாம், வரலாம்” என்று கை காட்டுகிறார். ஓட்டுநரின் கண்ணாடியில் தன் கை தெரிகிறதா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

அந்தக் கை காட்டும் வேலைக்கென்று ஒரு காலத்தில் லாரியோடு ஓர் ஆள் வந்தார். கிளீனர் என்று பெயர். நம் நாட்டு லாரியில் ஸ்டியரிங் வலப்பக்கம். இடப்பக்கம் ஒட்டி வரும் இருசக்கர வாகனம் ஓட்டுநர் கண்ணுக்கு எளிதில் படாது. இடது இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கதவைத் தட்டி “ஹோல்டான்!” என்று கத்தியவர்தான் லாரியின் மறுகண்ணாக இருந்தார். இன்று நகருக்குள் ஓடும் பல லாரிகளில் அந்த இருக்கை காலி.

2025 ஜூனில் பெரம்பூரில் தாயுடன் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போன 10 வயதுச் சிறுமி தண்ணீர் லாரியில் அடிபட்டு இறந்தாள். அதன்பின் கனரக வாகனங்களுக்கான நேரக் கட்டுப்பாட்டைக் காவல் துறை இறுக்கியது. செய்ய வேண்டியதுதான். ஆனால் லாரி எப்போது வரலாம் என்பதற்கு மட்டுமே அது விடை. யார் ஓட்டி வருகிறார், எங்கே கற்றார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரிக்காரர்கள் நாடு முழுக்கப் பேர் வாங்கியது கிளீனர் இருக்கையில் பழகியவர்களை வைத்துத்தான். முதலில் வண்டி கழுவுவது. பிறகு டயரைத் தட்டி ஓசையிலேயே காற்றுக் குறைவைக் கண்டுபிடிப்பது, ஏர் பிரேக் டேங்க்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுவது, தார்ப்பாய்க்குக் கயிறு போடுவது, டீசல் குழாயில் காற்று புகுந்தால் கைப்பம்பை அடித்து ஏர் லாக் எடுப்பது. சில வருஷம் கழித்து, ஆள் நடமாட்டமில்லாத நெடுஞ்சாலையில் நள்ளிரவில்தான் ஸ்டியரிங் கைக்கு வரும். நடுக்காட்டில் வண்டி நின்றால் மெக்கானிக்குக்குக் காத்திராமல் ஓட்டிவந்தார்கள் என்றால் காரணம் இதுதான். அந்த முறையைப் புகழ்ந்து தள்ளவும் வேண்டாம். படிக்க வேண்டிய வயதில் அடியும் வசவும் வாங்கிக்கொண்டு, சோற்றுக்கு மட்டும் உழைத்த சிறுவர்களும் அதில் இருந்தார்கள். சிறுவர்களை விடுவித்தது சரி. கூடவே பள்ளிக்கூடத்தையும் இழுத்து மூடிவிட்டோம்.

மூடியதில் எல்லோருக்கும் பங்குண்டு. ஒரு கூலி மிச்சம் என்று முதலாளிகள் கிளீனரை நிறுத்தினார்கள். தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு ஓட்டுநர் என்ற கட்டாயத்தை மத்திய அரசு 2018-ல் நீக்கியது. 2019-ல் எட்டாம் வகுப்புத் தகுதியும் போனது. நாட்டில் 22 லட்சம் ஓட்டுநர்கள் தேவை என்றது அரசு. எட்டாம் வகுப்பு போனதில் நமக்கு வருத்தமில்லை. ஏட்டுப் படிப்பு பிரேக் பிடிக்காது. படிப்புக்குப் பதில் வரவேண்டிய பயிற்சிதான் போதவில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சரக்கு வாகன ஓட்டுநருக்குக் கேட்கும் குறைந்தபட்சப் பயிற்சி 30 நாள். அதில் கையில் ஸ்டியரிங் பிடிப்பது 15 மணி நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொழில்முறை லாரி ஓட்டுநர் ஒவ்வொரு 5 ஆண்டுக்கும் 35 மணி நேரம் மறுபயிற்சி பெற்றாக வேண்டும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைச் சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. சின்ன லாரி ஓட்ட அந்த 15 மணி நேரமும் வேண்டியதில்லை.

இன்றைய ஓட்டுநருக்கு எஞ்சினைத் திறக்கத் தெரியவில்லை என்பது பெரியவர்கள் சொல்லும் குறை. அது நியாயமில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் எஞ்சினைக் கணினிதான் ஆள்கிறது. ஸ்பேனரை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் பாதி காலியான டேங்க்கில் தண்ணீர் அலைபாயும், பிரேக் போட்டதும் முன்னே பாய்ந்து வண்டியைத் தள்ளும், வளைவில் ஒரு பக்கம் சாய்க்கும் என்பதை எந்தக் கணினியும் மாற்றாது. டேங்க்குக்குள் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்தவர், டேஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்தால் “வண்டியை எடுக்க மாட்டேன்” என்று சொல்லத் துணிந்தவர்தான் தொழில் தெரிந்தவர். அந்தத் துணிவு அருகிவருவதுதான் நம் கவலை. நடைக்கு இவ்வளவு என்று பேசி ஓட்டுபவர், ஒரு நடை போனால் அன்றைய பேட்டா போயிற்று என்ற நிலையில், எப்படி மறுப்பார்?

இதில் வாசகருக்கும் வேலை இருக்கிறது. “லாரி இன்னும் வரலையே” என்று சப்ளையருக்கு மூன்றாவது முறை போன் போடுவது நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர்தான். பசுமைவழிச் சாலையில் மெட்ரோ சுரங்கத்துக்குத் தோண்டிய மண்ணைச் சுமந்தவையும், நாம் வாங்கப்போகும் ஃப்ளாட்டுக்குக் கான்கிரீட் கொண்டுவருபவையும் இதே லாரிகள்தான்.

போக்குவரத்துத் துறை கனரக உரிமத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் மறுபயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். தமிழக அரசும் அசோக் லேலண்டும் நாமக்கல்லில் நடத்தும் ஓட்டுநர் பயிற்சி நிலையம் போன்ற ஒன்று சென்னைக்கும் தேவை. 18 வயது நிறைந்தவர்களை உரிய சம்பளத்தோடு உதவியாளராகச் சேர்த்து, அந்த அனுபவத்தை உரிமத்துக்குக் கணக்கில் எடுக்கலாம். மாநகர எல்லைக்குள் தண்ணீர், கான்கிரீட், மண் லாரிகள் இரண்டாவது ஆள் இல்லாமல் தெருவுக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவிடச் சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அரசு டெண்டரில் நிபந்தனையாகச் சேர்த்தாலே பாதி வேலை முடியும். மீதிப் பாதி, குடியிருப்புச் சங்கங்கள் சப்ளையரோடு போடும் ஒப்பந்தத்தில் இருக்கிறது: இடது இருக்கையில் ஆள் இல்லாத லாரிக்கு கேட் திறக்காது. அந்த ஆளின் கூலியை லாரிக்காரர் நம் பில்லில் ஏற்றுவார். ஏற்றட்டும்.