பழைய கணினிக்குப் புதிய வேகம்



பிள்ளைகளின் படிப்புக்கென்று எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய கணினி இன்று அநேக இல்லங்களில் ஒரு மூலையில் துணி போர்த்தப்பட்டுக் கிடக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டுப் பால் காய்ச்சி இறக்கி வரலாம்; அதுவரை திரையில் வட்டம் சுழன்றுகொண்டேயிருக்கும். அதை எடைக்குப் போடுவதற்கு முன் சற்று யோசியுங்கள். இத்தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கே.

அதனுள் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலுகின்றன. ஒவ்வொரு கோப்பையும் தேடி வாசிக்கும் முனை நகர வேண்டும். ஒரு தேடுதலுக்கு ஏறக்குறைய 10 மில்லி விநாடி செல்லும். விண்டோஸ் எழும்பும்போது வாசிக்கும் சிறு கோப்புகளோ ஆயிரக்கணக்கானவை. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. அதே தேடுதல் பெரும்பாலும் 0.1 மில்லி விநாடியளவில் முடிந்துவிடும்.

மும்பை லாமிங்டன் சாலைக்கோ, பெங்களூரு எஸ்.பி. சாலைக்கோ, டெல்லி நேரு பிளேசுக்கோ செல்லுமுன் உங்கள் கணினியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பழையவற்றுக்கு 2.5 அங்குல சாட்டா வகையே பொருந்தும். எம்.2 என்ற மெல்லிய வகையில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரண்டு உண்டு. பார்வைக்கு ஒன்றுபோலிருந்தாலும் ஒன்றுக்குரிய இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம்.

இனி முக்கியமான காரியம். அந்தப் பழைய டிஸ்கில் இருப்பது விண்டோஸ் மட்டுமா? ஊரிலுள்ள பெற்றோரின் படங்கள், திருமண வீடியோ, பிள்ளைகளின் சான்றிதழ்கள் யாவும் அதிலேயே இருக்கின்றன. ஆகையால் இவற்றை முதலில் வேறொரு டிஸ்கில் பிரதியெடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வருமானால் வேறெதையும் செய்யாமல் படங்களை மட்டும் உடனே காப்பாற்றுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பின்பு புதிய எஸ்.எஸ்.டி.யை யூ.எஸ்.பி. கேபிள் வழியாக இணைத்து, முழு டிஸ்கையும் அப்படியே நகலெடுக்க வேண்டும். இதைக் குளோன் என்பர். எஸ்.எஸ்.டி. தயாரிக்கும் நிறுவனங்கள் பலவும் இதற்குரிய மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. குளோன்சில்லாவும் இலவசமே, ஆனால் புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாயிருந்தால் அது சிரமப்படுத்தும். எது பழையது, எது புதியது என்று மென்பொருள் கேட்கும் இடத்தில் டிஸ்கின் பெயரையும் அளவையும் இருமுறை வாசியுங்கள். திசை மாறினால் வெறுமையான டிஸ்க் நிறைந்த டிஸ்கின்மேல் எழுதப்பட்டு, யாவும் அழிந்துபோகும். கடைக்காரர் செய்து தந்தாலும் அருகில் நின்று பார்ப்பதில் வெட்கமில்லை.

நகல் முடிந்தபின் பழையதைக் கழற்றிவிட்டு, புதியதை மட்டும் பொருத்தி இயக்கிப் பாருங்கள். விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு இணைந்திருப்பதால் மறுபடி வாங்க நேரிடாது.

ஒன்றை மறைக்கலாகாது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. எஸ்.எஸ்.டி. வேகம் தரும், பாதுகாப்புத் தராது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. அப்படிப்பட்டவற்றில் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம். பிள்ளைகள் இரண்டே நாளில் பழகிவிடுவார்கள்.

கழற்றிய டிஸ்கை உடனே அழிக்காமல் ஒரு மாதமாவது பெட்டியில் வையுங்கள். கடையில் விட்டுவிட்டும் வராதீர்கள். ஆதார் நகலும் வங்கித் தாள்களும் அதில் இருக்கின்றனவே. டிஸ்க் நல்ல நிலையிலிருந்தால் ஒரு யூ.எஸ்.பி. உறையில் போட்டு, மாதம் ஒருமுறை படங்களைப் பிரதியெடுக்க வைத்துக்கொள்ளலாம். எஸ்.எஸ்.டி.யில் தவறுதலாக அழித்த கோப்பை மீட்பது ஹார்டு டிஸ்கில் மீட்பதைவிட மிகக் கடினம்.