கோடுக்கும் ஸனது வேண்டும்

ஏ.எல் ஐ.சி.ரி பிள்ளைகளுக்கென்று ஒரு பி.டி.எஃப் நமது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. பைதன், பி.எச்.பி, ஜாவா கோட் துண்டுகளைத் தலைப்பு வாரியாகத் தொகுத்திருக்கிறார்கள். நல்ல உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் எழுதிய ஒருவரின் பெயர்கூட இல்லை. அட்டையில் தொகுத்தவரின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில்.

"இணையத்தில் சும்மா கிடக்கிறதுதானே சேர்" என்றார் ஒருவர். சும்மாதான், நிபந்தனையோடு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உள்ளவை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வருபவை. எழுதியவரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். எம்.ஐ.டி உரிமத்திலும் பதிப்புரிமைக் குறிப்பை நீக்க முடியாது.

பெயர் போடுவதில் நமக்கே லாபம் இருக்கிறது. 2010இல் அன்ட்ரியாஸ் லுண்ட்பிளாட் என்பவர், ஃபைலின் அளவைக் கே.பி, எம்.பி என்று காட்டும் சின்ன ஜாவா கோட் ஒன்றை அங்கே எழுதினார். ஆயிரக்கணக்கான இடங்களில் அதைக் கொப்பி பண்ணினார்கள். அதில் ஒரு பிழை. 999,999 பைட்டுக்கு 1.0 எம்.பி வர வேண்டும், 1000.0 கே.பி என்று வந்தது. 2019இல் அவரே அதைப் பகிரங்கமாக எழுதித் திருத்தினார். இணைப்போடு எடுத்தவர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அதை வெட்டிவிட்டு எடுத்தவருக்கு யார் போய்ச் சொல்வது?

ஹதீஸ் என்றால் ஸனது கேட்டுப் பழகிய சமூகம் நாங்கள். கோடுக்கு மேலே ஒரு வரி கொமென்ட் போதும்: எழுதியவர், இணைப்பு, எடுத்த திகதி. அது இல்லாத செயற்றிட்டத்தை நான் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சில பெற்றோருக்குக் கோபம்தான்.

அந்த பி.டி.எஃப்பைத் தொகுத்த தம்பி இதை வாசித்தால், இணைப்புகளைத் தேடிச் சேர்க்க நானும் கூட உட்காருகிறேன், இன்ஷா அல்லாஹ்.